சாணளவுத் திருக்கை: தரங்கம்பாடியிலிருந்து மண்டபம் வரை

வெள்ளி, தரங்கம்பாடி

வங்கக் கடலோரத்துச் சேற்றுத் தரையில் வாழும் சிறு திருக்கை இனம் ஒன்றுக்கு, அறிவியல் ஏடுகளில் பிறந்த ஊர் தரங்கம்பாடி. இன்று பிரெவிட்ரைகான் இம்ப்ரிகாட்டா என்று அழைக்கப்படும் அந்த இனம், இவ்வூர்ப் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற மாதிரியைக் கொண்டு 1801ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. முழுதாக வளர்ந்த பிறகும் அதன் உடல்தட்டின் அகலம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. ஒரு சாணுக்குச் சற்றே கூடுதல் என்று சொல்லலாம். ஓர் ஆளையே போர்த்திவிடும் அளவுக்கு அகன்ற திருக்கைகளைப் பாம்பனிலும் தூத்துக்குடியிலும் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது எப்போதும் குட்டியாகவே படுகிறது. பெரிய இனம் எதனுடைய குட்டியும் அல்ல, இதுவே தன்னளவில் வளர்ந்து முடிந்த விலங்கு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, அது வாழும் ஆழமற்ற கடலை ஒட்டியே மண்டபம் வரை போவதென்று இந்தத் தை மாதக் கடைசியில் கிளம்பியிருக்கிறேன். அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதிவிட எண்ணம்.

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் 1620இல் டேனியர் கட்டிய கோட்டையைப் பார்ப்பார்கள். 1706இல் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவையும் அவருடைய அச்சுக்கூடத்தையும் பற்றிக் கேட்பார்கள். அவருக்கு இரண்டு தலைமுறை கழித்து, 1771இல், இதே மிஷனுக்கு வந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்பவரைப் பற்றிக் கேட்பவர் குறைவு. ஊழியத்துக்கும் பள்ளிக்கூடப் பணிக்கும் இடையில் அவர் இக்கரையின் மீன்களையும் சிப்பிகளையும் பாம்புகளையும் சேகரித்தார். மீன்களைப் பெர்லினில் இருந்த மார்கஸ் எலீசர் பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பிவைத்தார். மருத்துவத் தொழிலுக்கு அப்பால் மீன்களை வகைப்படுத்துவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட பிளாக், 1799இல் இறந்துபோக, அவர் முடிக்காமல் விட்டதை ஷ்னைடர் என்பவர் முடித்து 1801இல் வெளியிட்டார். நம் திருக்கை அந்த நூலில்தான் இடம்பெற்றது.

ஜானின் பெயர் வேறு இடங்களில் தங்கியிருக்கிறது. நாம் குழம்பு வைக்கும் கத்தாழை மீன்களில் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று பெயர். இருதலை மணியன் என்று சொல்லி மோசடிக்காரர்கள் லட்சக்கணக்கில் விலைபேசும் அப்பாவி மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரிலும் ஜான் இருக்கிறார். அந்தப் பாம்பைப் போலவே இந்தத் திருக்கையும் மண்ணுக்குள் ஒளிந்து வாழ்வது என்பதால், மனிதர் சரியான உயிர்களின் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தோன்றுகிறது.

சனி, தரங்கம்பாடி – நாகப்பட்டினம்

விடிந்து சற்று நேரத்தில் ஃபைபர் படகுகள் கரையேறின. ஒரு படகின் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்த இருவர், வலைக்கண்ணில் சிக்கியிருந்த சிறு திருக்கைகளை எடுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு ஆழத்தில் வலை கிடந்தது என்று கேட்டதற்கு, "மூணு பாகந்தான் சார், சேத்துக்காடு" என்றார் மூத்தவர். பாகம் என்பது இரு கைகளையும் அகல விரித்த அளவு, ஏறத்தாழ 6 அடி. ஆகவே 18 அடித் தண்ணீர்; கரையிலிருந்து பார்த்தால் படகில் இருப்பவரின் சட்டை நிறம் தெரியும் தூரம். "குட்டித் திருக்கை சார், கூறுல போயிரும்" என்று சொல்லிவிட்டு, ஒன்றைப் பார்ப்பதற்காக என் பக்கம் தள்ளினார். முள்ளை அவர் ஏற்கனவே முறித்திருந்தார்.

அகலம் 18 சென்டிமீட்டர். மேற்புறம் சேற்றின் பழுப்பு. புள்ளியோ வரியோ கிடையாது. நடுமுதுகில் விரலை ஓட்டினால் வாலை நோக்கி வழுக்கிக்கொண்டு போகிறது; திருப்பி ஓட்டினால் சொரசொரவென்று பிடிக்கிறது. சுறாவின் உடம்பு முழுவதையும் மூடியிருக்கும் பல்போன்ற நுண்செதில்கள், இதற்கு நடுமுதுகில் ஒரு பட்டையாக மட்டும் அமைந்திருக்கின்றன. சாட்டைபோல் பல அடி நீளும் பெருந்திருக்கை வால் இதற்கு இல்லை. வால் ஏறத்தாழ உடலளவே நீளம். கண்கள் இரண்டும் சிறு மேடுகளாகத் தலைமேல் நிற்க, அவற்றின் பின்னால் ஒட்டினாற்போல் இரண்டு துளைகள் இருந்தன. இந்த விலங்கின் வாழ்க்கை முறையைப் புரிந்துகொள்ள அந்தத் துளைகளே போதும்.

புரட்டிப்போட்டால் அடிப்புறம் வெள்ளை. வாய், மூக்குத் துளைகள், பக்கத்துக்கு 5 வீதம் செவுள் பிளவுகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் ஒரு மீன் வாய்வழியாகத் தண்ணீரை இழுத்துச் செவுளுக்கு அனுப்பினால் சேறுதான் உள்ளே போகும். ஆகவே தண்ணீர் மேலே உள்ள அந்தத் துளைகள் வழியே இறங்கி, செவுள்களைக் கடந்து, அடிப்பக்கமாக வெளியேறுகிறது. மணலையோ சேற்றையோ மேலே வாரிப் போட்டுக்கொண்டு புதைந்திருக்கும் திருக்கையில் வெளியே தெரிபவை கண்ணும் அந்தத் துளையுமே. வாயின் அருகே ஊசி குத்தியதுபோலத் தெரிந்த நுண்துளைகள், கூழ் நிறைந்த மெல்லிய குழாய்களின் வாய்கள். சேற்றுக்குள் இருக்கும் இறாலும் நண்டும் புழுவும் அசையும்போதும் சுவாசிக்கும்போதும் அவற்றின் உடலிலிருந்து எழும் மிக மெல்லிய மின்புலத்தை அவை உணர்ந்துவிடுகின்றன. கண்கள் முதுகில், வாய் வயிற்றில் என்றிருக்கும் விலங்கு தன் இரையைக் கண்ணால் பார்க்காமலே பிடிப்பது இப்படித்தான்.

நான் பார்த்தது ஆண். வால் தொடங்கும் இடத்தில் இடுப்புத் துடுப்பின் உள்ளோரங்கள் இரண்டு விரல்களைப் போல நீண்டிருந்தன. புணர்ச்சிக்கான உறுப்புகள் அவை. இளம் ஆணில் அவை குட்டையாகவும் துவண்டும் இருக்கும். பருவம் வந்த ஆணில் சுண்ணாம்பு ஏறி விறைத்து நிற்கும். இதில் விறைத்து நின்றன. கூறில் போகிற 'குட்டி' உண்மையில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்ட ஆண் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மதியம் நாகப்பட்டினம். அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் விசைப்படகுகளும் ஐஸ் வண்டிகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. பெரிய மீன்களின் ஏலத்தைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும் என்றாலும் இன்றைய பொருள் அதுவல்ல. இரவே வேதாரண்யம் போய்ச் சேர்ந்தேன்.

ஞாயிறு, கோடியக்கரை

சோழமண்டலக் கரை இங்கே சட்டென்று மேற்கே மடங்குகிறது. கோடிமுனைக்குக் கிழக்கே திறந்த வங்கக் கடல். தெற்கே பாக் நீரிணை, அதற்குத் தென்மேற்கே பாக் குடா. குடாவின் பெரும்பகுதி 13 மீட்டரைக்கூடத் தாண்டாத ஆழம்தான். வடகிழக்குப் பருவமழை ஆறுகளில் அடித்துவரும் வண்டல், திறந்த கரையில் அலையால் அலசிக் கலைக்கப்படுகிறது. இந்த மடக்குக்குள் வந்ததும் படிந்துவிடுகிறது. சேற்றை விரும்பும் விலங்குக்கு இதைவிட நல்ல மனைக்கட்டு அமையாது.

சரணாலயத்துக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் பூநாரைகளையும் வெளிமான்களையும் தேடிப் போனார்கள். நான் ஓரத் தண்ணீரில், கணுக்கால் அளவு ஆழத்தில், உள்ளங்கை அகலக் குழிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். திருக்கைகள் இரை தேடும்போது தட்டையான உடலைத் தரையோடு ஒட்டிவைத்து, வாயாலும் செவுளாலும் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கிளறுகின்றன. துடுப்புகளை அடித்து வாரியிறைக்கின்றன. அவை போன பிறகு ஆழமில்லாத குழிகள் மிஞ்சும். புதைந்திருந்த சத்துகளும் சிற்றுயிர்களும் மேலே வருகின்றன. காற்றுப்படாத கருஞ்சேற்றுக்குள் உயிர்வளி கலந்த நீர் இறங்குகிறது. கடல்தரையை உழுவது என்று இதைச் சொல்வது மிகையில்லை. ஒரு விலங்கு மிகச் சிறியதுதான், ஆனால் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கில் அவை உழுதுகொண்டிருந்தால் அந்தத் தரையே வேறாகிவிடும்.

ஒருவிதக் குழிகள் கண்ணில் பட்டன. அவை திருக்கை பறித்தவையா நண்டு பறித்தவையா என்று உறுதியாகச் சொல்ல, குழிக்குள் யாரும் முகவரி எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை.

திங்கள், முத்துப்பேட்டை

ஜாம்பவானோடையிலிருந்து வனத்துறை அனுமதியுடன் படகில் அலையாத்திக் காட்டுக்குள் போய் வந்தேன். காட்டின் பெரும்பகுதி வெண்கண்டல் என்னும் ஒரே மரவகை. சேற்றிலிருந்து குத்திட்டு நிற்கும் மூச்சுவேர்களுக்கு நடுவே திருக்கை நீந்த முடியாது. ஆனால் ஓதம் ஏறும்போது காயலின் வாய்வரை வரும் மீன், இறால், நண்டுக் குஞ்சுகளின் கூட்டமே இக்காட்டின் விளைச்சல்தான், சேற்றுத் திருக்கையின் சோறும் அதுவே. கடலோரத் திருக்கைகளில் பல, உவர்நீர் கலக்கும் கழிமுகங்களுக்குள்ளும் வந்துபோகக்கூடியவை. கடும் மழையில் ஆற்றுநீர் பெருகி உப்பு குறைந்துவிட்டால் மறுபடி கடலுக்குள் விலகிப்போகும். இன்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கொக்குகளும் நீர்க்காகங்களும் மட்டும் நிறைய.

செவ்வாய், ஜெகதாப்பட்டினம்

பாக் குடாவின் இந்தப் பக்கத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய 3 நாட்களில்தான் கடலுக்குப் போகலாம். மற்ற 4 நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. நேற்றுப் போன படகுகள் இன்று காலை திரும்பும் என்பதால் விடியும் முன்பே வந்துவிட்டேன்.

விசைப்படகுகள் தரையோடு இழுத்துவரும் இழுவைமடி வலையிலிருந்து கொட்டிய மீனைப் பெண்கள் உட்கார்ந்து வகை பிரிக்கும் வேகத்தை எழுத்தில் பிடிக்க முடியாது. இறால் ஒரு கூடை, நண்டு ஒரு கூடை, கணவாய் ஒரு கூடை. கடைசியில் பொடிமீனும் சிப்பியும் பாசியுமாக மிஞ்சுவது சங்காயம். அது காய்ந்து கோழித்தீவனத்துக்கும் மீன்மாவு ஆலைக்கும் போகும். சாணளவுத் திருக்கைகளில் சற்றுப் பெரியவை கூறுக்கு, சிறியவையும் நசுங்கியவையும் சங்காயத்துக்கு. மடியின் அடிக்கயிறு தரையை வழித்துக்கொண்டே வருவதால், தரையில் படுத்துக் கிடப்பதையே பாதுகாப்பாகக் கொண்ட விலங்குக்கு அங்கே தப்ப வழியே இல்லை. எதிரி வந்தால் அசையாமல் கிட என்று லட்சக்கணக்கான ஆண்டுகளாக அதற்குக் கற்றுத்தந்த உடம்பு, மடி வரும்போதும் அசையாமலே கிடக்கும்.

வகைபிரித்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவரின் பக்கத்தில், பெண் திருக்கை ஒன்று பலகையில் கிடந்தபடியே ஈன்றுவிட்டிருந்தது. பிடிபட்ட அதிர்ச்சியில் கருவுற்ற திருக்கைகள் இப்படிக் குட்டியைத் தள்ளிவிடுவது எங்கும் நடப்பதுதான். தாயின் அகலம் 22 சென்டிமீட்டர். வெளியே வந்த குட்டி, இரு பக்கத் துடுப்புகளும் வயிற்றின்மேல் மடிந்து, வெற்றிலைச் சுருள்போல் இருந்தது. விரலால் மெல்லத் தொட்டதும் விரிந்தது. வாலின்மேல் முள்கூட இருந்தது, ஆனால் அதன்மேல் மெல்லிய தோலுறை. தாயின் உள்ளே கிழித்துவிடாதபடி இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது.

திருக்கைகள் முட்டையிடுவதில்லை. கரு முதலில் தன் மஞ்சள்கருவை உண்டு வளர்கிறது. அது தீர்ந்த பிறகு, கருப்பையின் உட்சுவரிலிருந்து நூல்நூலாகத் தொங்கும் விரல்போன்ற சதைகள் கொழுப்பும் புரதமும் நிறைந்த ஒரு பாலைச் சுரக்கின்றன. கருப்பைக்குள்ளேயே கரு அந்தப் பாலைக் குடித்துத் தாயின் சிறிய நகலாக வளர்ந்து பிறக்கிறது. பல திருக்கை இனங்களில் இடப்பக்கக் கருப்பை மட்டுமே வேலை செய்யும். தட்டையான உடம்புக்குள் இரண்டுக்கும் இடம் ஏது? ஒரு சாண் அகலத் தாயால் ஓரிரு குட்டிகளுக்கு மேல் சுமக்க முடியாது. அதே பலகையில் கிடந்த நெத்திலியும் மத்தியும் ஆயிரக்கணக்கான முட்டைகளைக் கடலில் விட்டுவிட்டுப் போகிறவை. ஒரு பருவம் கெட்டாலும் அடுத்த பருவத்தில் ஈடுகட்டிக்கொள்ளும். திருக்கையின் கணக்கு வேறு. சிறிய உடம்புள்ள இனம் சீக்கிரம் பருவமடைகிறது என்பது உண்மை. பத்தாண்டுக்கு மேல் காத்திருந்து பருவமடையும் பெரிய இனங்களைவிட இதற்கு வாய்ப்பு கூடுதல். அந்தக் கூடுதல் வாய்ப்பை நம்பித்தான் இது இன்னும் வலையில் விழுந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆச்சியிடம், இது குட்டி இல்லை, தாய் என்று காட்டினேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பேறுகாலம் பார்த்தவளுக்குத் தெரியாதா தம்பி? குட்டின்னாலும் தாயின்னாலும் கூறு ஒரே விலைதான்" என்றார். மீன்வளக் கணக்கேடுகளிலும் ஏறக்குறைய இதே நிலைதான்: பல இனங்களும் சேர்ந்து 'திருக்கை' என்று ஒரே எடையில் முடிந்துவிடும்போது, ஒரு பெருந்திருக்கையின் எடைக்குள் நூறு சின்னத் தாய்கள் அடங்கிப்போகின்றன. சுறா, திருக்கை வகை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிவின் அச்சுறுத்தலில் இருப்பதாக 2021இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு சொன்னது. அப்படிப்பட்ட மதிப்பீடுகளுக்கு இனம்வாரியான கணக்குதான் அடிப்படை. அதை எடுக்கவேண்டிய இடம் இந்தப் பலகைதான்.

புதன், தொண்டி

இன்று சமையல் பக்கம். மதியச் சாப்பாட்டில் திருக்கைப் புட்டு கிடைத்தது. வேகவைத்துத் தோலை உரித்து, சதையை உதிர்த்து, மஞ்சள் போட்டு, வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாயோடு வதக்கியது. முள் குத்தும் பயமில்லை. எலும்பே இல்லாத, குருத்தெலும்பாலான மீன் என்பதால் சதை நார்நாராகப் பிரிந்துவிடுகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று நம் கரையெங்கும் சுறாவையும் திருக்கையையும் பூண்டு போட்டுக் கொடுக்கிறார்கள். நேற்று எழுதிய கருப்பைப் பாலைப் பற்றி அறியாமலே இந்த நம்பிக்கை வந்திருக்கும். ஆனாலும் படித்துவிட்டுச் சாப்பிட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

நாட்பட்ட திருக்கையில் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வருவதற்கும் காரணம் உண்டு. கடல்நீர் மீனின் உடம்பைவிட உப்பு மிகுந்தது. சாதாரண மீன்கள் அதனால் இழக்கும் நீரை, கடல்நீரைக் குடித்தும் உப்பை வெளியேற்றியும் ஈடுகட்டுகின்றன. சுறாவும் திருக்கையும் வேறு வழி கண்டவை: நாம் சிறுநீரில் கழிக்கும் யூரியாவை அவை இரத்தத்திலும் சதையிலும் தேக்கிவைத்து, உள்ளடர்த்தியை வெளிக்கடலுக்கு இணையாக்கிக்கொள்கின்றன. செத்த பிறகு நுண்ணுயிரிகள் அந்த யூரியாவைச் சிதைக்க, வாடை எழுகிறது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, சதையைப் பிழிந்து எடுக்கும் நம் வீட்டுமுறை அந்த வாடைக்குச் சரியான மாற்று.

நேற்றைய பதிவைப் படித்த நண்பர் முள்ளைப் பற்றிக் கேட்டார். வாலின் மேற்புறத்தில் இருக்கும் முள், இருபுறமும் அரம்போல் பல்வைத்தது. அடிப்புறத்துப் பள்ளங்களில் நஞ்சுத் திசு உண்டு. தேய்ந்தாலும் உடைந்தாலும் புதியது முளைக்கும். யாரையும் துரத்திக் குத்துவதற்காக அல்ல, மிதித்தால் திருப்பியடிப்பதற்கான ஆயுதம் என்பதால், ஆழமற்ற சேற்றில் நடக்கும்போது காலைத் தூக்கிவைக்காமல் தரையோடு தேய்த்துக்கொண்டே நடக்க வேண்டும். அதிர்வை உணர்ந்து திருக்கை விலகிவிடும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரி வரையுள்ள வெந்நீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்தால் வலி நன்றாகத் தணியும், ஏனெனில் அந்த நஞ்சு சூட்டில் சிதையும் புரதம். பின்பு மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே முறிந்து தங்கிய துண்டும், சீழ்பிடித்தலும்தான் நஞ்சைவிடத் தொல்லை. மார்பிலோ வயிற்றிலோ குத்தினால் வெந்நீருக்கு நேரமில்லை. முள்ளைப் பிடுங்காமல் உடனே மருத்துவமனை.

வியாழன், மண்டபம்

ஒரே ஊருக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். நடுவே தண்டவாளமும் சாலையும் போகும் ஒல்லியான நிலம். வடகரையில் பாக் குடாவின் கலங்கல் தண்ணீரும் சேற்றுக்கு மேல் விரிந்த கடற்புல்லும். தென்கரையில் மன்னார் வளைகுடா. 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறையும் வெள்ளை மணலும். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971இல் கொச்சிக்கு மாறும்வரை இங்கேதான் தலைமையகம் வைத்திருந்தது. இரண்டு கடலையும் நடந்தே போய் ஒப்பிடக்கூடிய இடம் வேறு எங்கே கிடைக்கும்?

காலையில் வடகரையில் நாட்டுப்படகுகள் கொண்டுவந்த கூடைகளில் நம் சின்னத் திருக்கை இருந்தது. தென்கரையில் பார்த்த கூடைகளில் புள்ளித் திருக்கைகளும், குருவித் திருக்கை ஒன்றும், பெரிய சாட்டைவால் திருக்கைகளும் இருந்தன, சின்னது இல்லை. ஒரு காலைப்பொழுதின் கூடைகளை வைத்து எல்லை வகுத்துவிட முடியாது, தெற்கிலும் இந்த இனம் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் எந்தத் தரையில் எது நிறைய என்பதைக் கூடைகள் ஓரளவு சொல்லிவிடுகின்றன. குருவித் திருக்கை சிறகடித்து நீந்தித் திரிந்து சிப்பிகளை நொறுக்கித் தின்பது. அதற்கு வலுவான தட்டுப் பற்கள். சின்னத் திருக்கைக்குச் சிறு பற்கள், மெல்லிய ஓட்டு இரை, மெத்தென்ற தரை.

வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் குடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. நான் செவ்வாய்க்கிழமை நின்ற கரையும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. கடற்பசுவுக்காகக் கடற்புல் காப்பாற்றப்பட்டால், புல்லின் வேர்களுக்கிடையே இறால் பிடிக்கும் திருக்கைக்கும் அதில் பங்குண்டு. ஒரு பெரிய விலங்கின் பெயரில் சிறியவை பிழைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குடாவின் மறுகரையில் இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. நடுவே ஓடும் எல்லைக்கோடு தண்ணீரின்மேல் உள்ளது. அடியில் இருக்கும் சேறு தொண்டியிலிருந்து மன்னார் வரை ஒன்றுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. திறந்த குடாவில் இருக்கும் திருக்கைக்கு அது பெரிய ஓய்வு. மூன்று பாகம் தண்ணீரில் இருப்பதற்கு அது பாதி ஓய்வுதான், ஏனென்றால் நண்டு வலையும் திருக்கை வலையும் போடும் நாட்டுப்படகுகள் அந்த நாட்களிலும் தொழிலுக்குப் போகும். போகவும் வேண்டும், அவர்கள் வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லை. அந்த வலைகளில் உயிரோடு வருகிற, வயிறு புடைத்த பெண் திருக்கையை முள் குத்திவிடாதபடி கடலிலேயே விட்டுவிடலாமே என்று வடகரையில் ஒருவரிடம் கேட்டேன். "கூறுக்குள்ள போறதுல ஒண்ணு குறைஞ்சா யாரு கேக்கப்போறா? விடலாம்ணே, ஆனா வலையக் கிழிக்காம அதை எடுத்துக்குடுக்க நீங்கதான் வரணும்" என்றார். நாளை காலை அவர் படகில் இடம் கேட்டிருக்கிறேன்.